டீசல் என்றொரு மனிதர்: கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜினின் கதை

கிணற்றடியில் நிற்கும் ஆயில் இன்ஜின், உழவு டிராக்டர், பவர் டில்லர், கதிர் அறுக்கும் இயந்திரம், மூட்டை ஏற்றிப் போகும் லாரி என்று நம் விவசாயத்தில் பாதி வேலை டீசலில்தான் நடக்கிறது. பங்க்கில் கேன் கொடுத்து வாங்கும் எண்ணெய்க்குப் பெயர் டீசல் என்று நமக்குப் பழகிவிட்டது. உண்மையில் அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அவர் செய்த இன்ஜினுக்கு அந்தப் பெயர் வந்தது. அந்த இன்ஜினில் ஊற்றும் எண்ணெய்க்கும் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த மனிதர் ருடால்ஃப் டீசல். அவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. கடலை எண்ணெயில் ஓடுவதற்காகவே அவர் இன்ஜினைக் கண்டுபிடித்தார், அது பொறுக்காமல் பெட்ரோலியக் கம்பெனிக்காரர்கள் அவரைக் கடலில் தள்ளிக் கொன்றுவிட்டார்கள் என்பது அந்தக் கதை. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் நம் ஆயில் இன்ஜினிலும் செக்கில் ஆட்டிய எண்ணெயை ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கதையில் பாதி உண்மை, பாதி கற்பனை. எது எது என்று தெரிந்துகொள்ளாமல் டேங்க்கில் கை வைத்தால் செலவு நமக்குத்தான். அதனால் அவருடைய வாழ்க்கையை முதலில் இருந்தே பார்த்துவிடுவோம்.

தோல் பட்டறை வீட்டுப் பையன்

1858 மார்ச் 18-ம் தேதி பாரிஸ் நகரத்தில் பிறந்தார். ஊர் பிரான்ஸ் என்றாலும் குடும்பம் ஜெர்மனியைச் சேர்ந்தது. அப்பா தியோடர், அவுக்ஸ்புர்க் என்ற ஊரில் இருந்து பிழைப்புக்காக பாரிஸ் வந்தவர். புத்தகம் பைண்டிங் செய்வதும் தோல் சாமான்கள் செய்வதும் தொழில். குழந்தை பிறந்ததும் முதல் ஒன்பது மாதம் வளர்ந்தது வேன்சென் என்ற இடத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில். பிறகுதான் பெற்றோரிடம் வந்தது. வளர்ந்த பிறகு, அப்பாவின் பட்டறையில் வேலைக்கு உதவுவதும், செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் வாடிக்கையாளர் வீட்டில் கொடுப்பதும் பையனின் வேலை.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. ஜெர்மன்காரர்கள் பாரிசை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே வருமானம் சரியாக இல்லை. 12 வயதுப் பையனை அவுக்ஸ்புர்க்கில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரர் பார்னிக்கல் கணக்கு வாத்தியார். படிப்பில் பையன் நன்றாகத் தேறினான். இன்ஜினியர் ஆக வேண்டும் என்று அப்போதே பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். பையன் சீக்கிரம் சம்பாதிக்க வந்தால் போதும் என்பது பெற்றோரின் எண்ணம். ஆனால் 1875-ல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. வீட்டின் விருப்பத்தை மீறி அங்கே சேர்ந்தார்.

அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் ஃபான் லிண்டே. குளிர்பதன இயந்திரத்துக்குப் பெயர் பெற்ற அதே லிண்டேதான். நீராவி இன்ஜின் எரிக்கும் நிலக்கரியில் பத்தில் ஒரு பங்கு சக்திகூட வேலைக்கு வருவதில்லை, மீதி எல்லாம் புகைபோக்கி வழியாகவும் சூடாகவும் போய்விடுகிறது என்று அவர் வகுப்பில் விளக்கினார். அது டீசலின் மனதில் தைத்துவிட்டது. அந்தக் காலத்தில் பெரிய ஆலைகள்தான் நீராவி இன்ஜின் வைக்க முடியும். பாய்லர், நிலக்கரிக் கிடங்கு, தீப்போட ஆள் என்று ஏகப்பட்ட செலவு. அப்பாவைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு அது எட்டாது. சின்னத் தொழில்காரரும் வைத்துக்கொள்ளக்கூடிய, எரிபொருளை வீணாக்காத ஒரு இன்ஜின் வேண்டும் என்பதே அவருடைய கனவு.

1879-ல் கடைசித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். 1880 ஜனவரியில் மறுபடி எழுதி, மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு தேறினார். பிறகு லிண்டேயின் கம்பெனிக்காகவே பாரிசில் ஐஸ் தொழிற்சாலை வேலை. ஐஸ் செய்வதில் காப்புரிமைகூட வாங்கினார். 1883-ல் மார்த்தா என்பவரைத் திருமணம் செய்தார். மூன்று பிள்ளைகள். பகலில் ஐஸ், மற்ற நேரத்தில் இன்ஜின் என்று வருடங்கள் ஓடின. அம்மோனியா ஆவியில் ஓடும் இன்ஜின் ஒன்றைச் செய்து பார்த்தபோது அது வெடித்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கண்பார்வைத் தொந்தரவு அதற்குப் பிறகும் போகவில்லை.

சைக்கிள் பம்ப் ஏன் சுடுகிறது?

அவருடைய இன்ஜின் வேலை செய்யும் முறையைப் புரிந்துகொள்ள சைக்கிள் பம்ப் ஒன்று போதும். டயருக்கு வேகமாகக் காற்றடித்துவிட்டு பம்பின் அடியைத் தொட்டால் சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும். மிகவும் நெருக்கினால் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும். குழாய்க்குள் பஞ்சு வைத்து, தண்டை ஓங்கி அழுத்தித் தீ உண்டாக்கும் கருவி தென்கிழக்கு ஆசிய மக்களிடம் வெகு காலமாக இருக்கிறது. இப்படி ஒரு கருவியை டீசல் மாணவராக இருந்தபோது பார்த்திருக்கிறார் என்று சொல்வார்கள்.

பெட்ரோல் இன்ஜினில் தீ மூட்ட ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் இன்ஜினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் வெறும் காற்று மட்டும் போகிறது. பிஸ்டன் மேலே வரும்போது அந்தக் காற்று 16 முதல் 20 பங்கில் ஒரு பங்காகச் சுருங்கி, 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. சரியாக அந்த நேரத்தில் எண்ணெயைத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்கிறது. நாசில் செய்வது இந்தத் தூவும் வேலைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் விஷயத்துக்கு வரும்போது நாசில்தான் முக்கியப் புள்ளி.

1892-ல் காப்புரிமைக்கு மனு போட்டார். 1893-ல் கிடைத்தது. அதே வருடம் தன் யோசனையை விளக்கி ஒரு புத்தகமும் போட்டார். முதலில் அவர் மனதில் இருந்த எரிபொருள் கடலை எண்ணெயும் அல்ல, மண்ணுக்கடியில் இருந்து எடுக்கும் எண்ணெயும் அல்ல. நிலக்கரித் தூள்தான் அவருக்கு முதலில் தோன்றியது. வாட்ஸ்அப் கதையின் முதல் பாதி இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அவுக்ஸ்புர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிச் ஃபான் பூட்ஸ் இந்த யோசனையை நம்பி இடமும் ஆட்களும் கொடுத்தார். குருப் கம்பெனி பணம் போட்டது. 1893 ஆகஸ்ட் 10-ம் தேதி முதல் சோதனை. உள்ளே தீப்பிடித்தது உண்மை, ஆனால் அழுத்தம் 80 பார் வரை ஏறி, அளக்கும் கருவியே வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். இன்ஜின் சுற்றவில்லை. ஆனால் ஸ்பார்க் இல்லாமல் தீப்பிடிக்கும் என்பது அன்று நிரூபணமாகிவிட்டது. 1894 பிப்ரவரி 17-ம் தேதி முதல் தடவையாக இன்ஜின் தன் சக்தியில் சுற்றியது. நிமிடத்துக்கு 88 சுற்று. ஓடியது ஒரே ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்தை நாள்கணக்கில் ஓடும் இயந்திரமாக மாற்ற இன்னும் மூன்று வருடம் ஆயிற்று. பிரித்துப் போடுவதும் மாற்றிப் பூட்டுவதுமாக அந்த வருடங்கள் போயின. எண்ணெயைத் தூவுவதுதான் பெரிய தலைவலி. கடைசியில் அழுத்தமான காற்றோடு சேர்த்து எண்ணெயை ஊதிவிடும் முறையில் வழி கிடைத்தது. 1897 பிப்ரவரி 17-ம் தேதி மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமாக அளந்து பார்த்தார். சுமார் 20 குதிரைத்திறன் இன்ஜின். எரிபொருளின் சக்தியில் 26.2 சதவீதம் வேலையாகக் கிடைத்தது. அன்றைய சாதாரண நீராவி இன்ஜினைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஐரோப்பா முழுவதும் பேச்சு அதுவாகிவிட்டது. அமெரிக்காவில் இந்த இன்ஜினைச் செய்யும் உரிமையை பீர் தயாரிப்பாளர் அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார்.

பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெய்

1900-ல் பாரிசில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. டீசலின் இன்ஜினுக்கு அங்கே உயர்ந்த பரிசு கிடைத்தது. அதே கண்காட்சியில் ஓட்டோ கம்பெனி சிறிய டீசல் இன்ஜின் ஒன்றை வைத்திருந்தது. அதில் ஊற்றியிருந்தது சுத்தமான கடலை எண்ணெய். ஊற்றச் சொன்னது பிரெஞ்சு அரசாங்கம். மண்ணெண்ணெய் வகைக்காகச் செய்த இன்ஜின்தான் அது, எந்த மாற்றமும் செய்யாமல் கடலை எண்ணெயில் ஓடியது. ஓட்டத்தில் வித்தியாசம் எதுவும் இல்லாததால், பார்த்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் உள்ளே இருப்பது கடலை எண்ணெய் என்று தெரிந்தது. டீசலே பிற்பாடு இதை எழுதி வைத்திருக்கிறார். ஆக, கடலை எண்ணெயில் ஓடியது உண்மை. யோசனை பிரெஞ்சு அரசாங்கத்துடையது, ஓட்டிக் காட்டியது வேறொரு கம்பெனி.

பிரெஞ்சு அரசாங்கத்துக்குக் கடலை மேல் என்ன அக்கறை? அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த ஆப்பிரிக்க நாடுகளில் கடலை ஏராளமாக விளைந்தது. அங்கே ரயிலுக்கும் ஆலைக்கும் வேண்டிய நிலக்கரியைக் கப்பலில் கொண்டுபோக வேண்டியிருந்தது. விளைகிற இடத்திலேயே கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்து இன்ஜின் ஓட்டினால் அந்தச் செலவு மிச்சம் என்பது கணக்கு. கடலை எண்ணெய் பிரான்சுக்குப் புதிதும் அல்ல. ஆப்பிரிக்காவில் இருந்து மட்டுமல்ல, நம் தென்னார்க்காட்டுக் கடலையும் பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி மார்சேய் நகர எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

டீசலுக்கு இந்த விஷயம் பிடித்துப்போனது. பிறகு தானே சில சோதனைகள் செய்து அந்த முடிவைச் சரிபார்த்தார். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆமணக்கெண்ணெயிலும் இப்படி ஓட்டிப் பார்த்தார்கள். 1912-ல் லண்டனில் இன்ஜினியர்கள் கூட்டத்தில் பேசும்போது டீசல் இதை எடுத்துச் சொன்னார். தாவர எண்ணெய் இன்றைக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம், ஒரு காலத்தில் அது பெட்ரோலியத்துக்குச் சமமான இடத்துக்கு வரலாம், பூமிக்குள் இருக்கும் எரிபொருள் தீர்ந்தாலும் வயலில் சேரும் சூரிய சக்தி தீராது என்பது அவர் பேச்சின் சாரம்.

அப்படியானால் அது ஏன் நடக்கவில்லை? விலைதான் காரணம். மண்ணெண்ணெய் எடுத்தது போக மிஞ்சிய பெட்ரோலிய எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. எமானுவேல் நோபல் ரஷ்யாவில் பெட்ரோலிய எண்ணெயிலேயே டீசல் இன்ஜின்களை ஓட்டிக் காட்டினார். 1903-லேயே வோல்கா நதியில் டீசல் இன்ஜின் பூட்டிய எண்ணெய்க் கப்பல் ஓடியது. இன்றைய கணக்கும் அதேதான். நல்ல கடலை எண்ணெய் லிட்டர் என்ன விலை, டீசல் லிட்டர் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். சாப்பிடுகிற எண்ணெயை இன்ஜினில் ஊற்றுவது கட்டுப்படியாகாது.

நம் இன்ஜினில் ஊற்றினால்?

விலையை விடுங்கள், பாரிசில் ஓடியது நம் தோட்டத்தில் ஓடாதா என்ற கேள்வி நியாயமானது. ஓடும். அதுதான் ஆபத்து. ஊற்றிய அன்றைக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. சத்தம்கூடக் கொஞ்சம் மென்மையாக இருக்கும். பிரச்சினை மெதுவாக வரும்.

தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் தடிப்பானது. அன்றைய பெரிய, மெதுவாகச் சுற்றும் இன்ஜினில் அழுத்தக் காற்று எண்ணெயை ஊதித் தள்ளியது. அது தடித்த எண்ணெயையும் சமாளித்தது. இன்றைய இன்ஜினில் காற்று கிடையாது, பம்ப் அழுத்தத்தில் மயிர் போன்ற துளை வழியாக எண்ணெய் மட்டும் பாய வேண்டும். தடித்த எண்ணெய் பனிப்புகையாக விரியாமல் பெரிய துளிகளாகப் பாயும். பெரிய துளி முழுதாக எரியாது. நாசில் முனையில் கரி கட்டும். பிஸ்டன் ரிங் பள்ளத்தில் பிசின் போல ஒட்டி ரிங் இறுகும். எரியாத எண்ணெய் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்து அதைக் கூழாக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

ஜெர்மனியில் 2000-ங்களின் தொடக்கத்தில் நூறு டிராக்டர் திட்டம் என்று ஒன்று நடத்தினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட டிராக்டர்களில் எண்ணெயைச் சூடாக்கும் அமைப்பு எல்லாம் பொருத்தி, கடுகு இனத்து எண்ணெயை அப்படியே ஊற்றி விவசாயிகள் ஓட்டினார்கள். பல நன்றாக ஓடின. சிலவற்றில் பெரிய பழுது வந்தது. அவ்வளவு ஏற்பாடு செய்தும் இந்த நிலை என்றால், பஜ்ஜி சுட்ட எண்ணெயைத் துணியில் வடிகட்டி ஆயில் இன்ஜினில் ஊற்றுவது எதில் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பணமும் கடனும்

டீசலின் கதைக்குத் திரும்புவோம். இன்ஜின் வெற்றி பெற்றதும் நாடு நாடாக உரிமையை விற்று அவர் பெரும் பணக்காரர் ஆனார். ஆனால் உடம்பும் மனதும் ஓய்ந்துவிட்டன. காப்புரிமை செல்லாது என்று சிலர் வழக்குப் போட்டார்கள். முதலில் வாங்கிய இன்ஜின்கள் சில இடங்களில் பழுதாகித் திரும்பி வந்தன. 1898-ல் நரம்புத் தளர்ச்சியால் மருத்துவ விடுதியில் தங்க வேண்டியதாயிற்று.

அவர் நல்ல இன்ஜினியர், கெட்ட வியாபாரி. இதை அவர்மேல் மரியாதை குறையாமலேயே சொல்லலாம். மியூனிக்கில் பெரிய மாளிகை கட்டினார். நிலத்தில் பணம் போட்டு இழந்தார். கலீசியா பகுதியில் எண்ணெய்க் கிணறுகளில் பணம் போட்டு அதிலும் இழந்தார். தாவர எண்ணெயைப் பற்றிப் பேசியவர் கையைச் சுட்டுக்கொண்டது பெட்ரோலியக் கிணற்றில் என்பது விசித்திரம்தான். 1903-ல் தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தங்களுக்கே சொந்தமான தொழில்களை நடத்தலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். இன்றைய கூட்டுறவுச் சங்கத்துக்குப் பக்கத்தில் வரும் யோசனை. அவர் தன் இன்ஜினைவிட இந்தப் புத்தகத்தையே பெரிதாக நினைத்தார், ஆனால் சில நூறு பிரதிகள்தான் விற்றன.

1912-ல் டென்மார்க்கில் செலாண்டியா என்ற பெரிய டீசல் கப்பல் கடலில் இறங்கியது. அதே வருடம் டீசல் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசினார். பெயருக்குக் குறைவில்லை. ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. வெளியே யாருக்கும் தெரியாது, வீட்டில்கூட முழுதாகத் தெரியாது.

1913 செப்டம்பர் 29-ம் தேதி மாலை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் ஒரு கூட்டத்துக்காகப் பயணம். கூட வந்த இரண்டு பேரோடு சாப்பிட்டார், மேல்தளத்தில் நடந்தார், பத்து மணி வாக்கில் அறைக்குப் போனார். காலையில் ஆறே கால் மணிக்கு எழுப்பச் சொல்லியிருந்தார். காலையில் அறை காலி. படுக்கையில் யாரும் படுத்த அடையாளம் இல்லை. தொப்பியும் மேல்கோட்டும் தளத்தின் ஓரத்தில் மடித்த நிலையில் கிடந்தன. சுமார் பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஓர் உடலைப் பார்த்தார்கள். பையில் இருந்த கண்ணாடிக்கூடு, பேனாக்கத்தி, பணப்பை போன்றவற்றை எடுத்துக்கொண்டு, அன்றைய கடல் வழக்கப்படி உடலை மறுபடி கடலிலேயே விட்டார்கள். அந்தச் சாமான்கள் அப்பாவுடையவைதான் என்று மகன் ஆய்கன் அடையாளம் சொன்னார். அப்போது டீசலுக்கு வயது 55.

கிளம்பும் முன் மனைவியிடம் ஒரு பை கொடுத்து, அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். திறந்தபோது உள்ளே பணமும், வங்கிக் கணக்கில் ஒன்றும் இல்லை என்பதைக் காட்டும் தாள்களும் இருந்தன. நாள்குறிப்பில் செப்டம்பர் 29-க்கு நேராக ஒரு சிலுவைக் குறி. இவற்றை வைத்துப் பார்த்தால் கடன் தாங்காமல் அவரே கடலில் குதித்தார் என்றுதான் பெரும்பாலானவர்கள் முடிவு செய்கிறார்கள். ஜெர்மன் உளவாளிகள் கொன்றார்கள், எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள் என்பவற்றுக்கு இன்றுவரை ஆதாரம் இல்லை. கடன் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அதனால் அந்த இரண்டாம் பாதிக் கதையையும் இத்தோடு விட்டுவிடலாம்.

அவருக்குப் பிறகு

அவர் வாழ்ந்தவரை டீசல் இன்ஜின் ஆலைக்கும் கப்பலுக்கும்தான். காற்று ஊதும் கம்ப்ரசர் பெரிதாக இருந்ததால் வண்டியில் ஏற்ற முடியவில்லை. பிறகு ஜெர்மனியில் பென்ஸ் போன்ற கம்பெனிகள் காற்று இல்லாமல் எண்ணெயைத் தூவும் வழியைக் கண்டார்கள். 1920-களில் டீசல் டிராக்டரும் டீசல் லாரியும் வந்தன. ராபர்ட் போஷ் கம்பெனி 1927-ல் டீசல் பம்பைத் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யத் தொடங்கியது. நம் மெக்கானிக்குகள் இன்றும் பிரித்துப் பூட்டும் எஃப்ஐ பம்பின் மூதாதை அதுதான்.

தடிப்புப் பிரச்சினைக்கும் வழி கிடைத்தது. 1937-ல் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷவான் என்பவர், பாமாயிலைச் சாராயத்தோடு வினைபுரிய வைத்து மெல்லிய எண்ணெயாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடம் அந்த எண்ணெயில் பிரஸ்ஸல்சுக்கும் லூவேன் நகருக்கும் இடையே ஒரு பேருந்தே ஓடியது. இதைத்தான் இப்போது பயோடீசல் என்கிறோம். போர்க்காலத்தில் பெட்ரோலியம் கிடைக்காதபோது நம் நாட்டிலும் தாவர எண்ணெய்களை டீசல் இன்ஜினில் ஊற்றி ஆராய்ந்தார்கள். போர் முடிந்து பெட்ரோலியம் மலிந்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பயோடீசல் செய்வது புரிந்துகொள்ள எளிது. 100 கிலோ எண்ணெயோடு சுமார் 10 கிலோ மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால், கிளிசரின் கீழே பிரிந்து நிற்கும், மேலே தெளியும் மெல்லிய எண்ணெய்தான் பயோடீசல். எளிது என்பதற்காக வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். மெத்தனால் உள்ளே போனால் கண் பார்வையும் போகும், உயிரும் போகும். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

புகை விஷயத்தில் இதனால் பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-ல் லாரி போன்ற பெரிய இன்ஜின்களின் சோதனைகளைத் தொகுத்தது. டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்தால் கரித்தூள் சுமார் 10 சதவீதம், கார்பன் மோனாக்சைடு சுமார் 11 சதவீதம் குறைகிறது. முழுக்கப் பயோடீசல் என்றால் இரண்டும் ஏறக்குறையப் பாதியாகிறது. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் குறையாமல் கொஞ்சம் கூடுகிறது. கந்தகம் இதில் இல்லை என்றே சொல்லலாம். எரியும்போது வரும் கரியமில வாயு, அந்தப் பயிர் வளரும்போது காற்றில் இருந்து எடுத்ததுதான். ஆனாலும் உரம், உழவு, ஆலை என்று வழியில் ஆகும் எரிபொருளைக் கழித்துத்தான் லாபம் பார்க்க வேண்டும். காட்டை வெட்டிப் பாமாயில் தோட்டம் போட்டால் அந்த லாபமும் போய்விடும்.

நம் பக்கத்தில் காட்டாமணக்கு கதை பலருக்கு இன்னும் கசப்பாகவே இருக்கும். வறண்ட காட்டிலும் வளரும் என்றார்கள். செடி வளர்ந்தது, ஆனால் தண்ணீரும் உரமும் இல்லாத இடத்தில் காய்க்கவில்லை. 2009-ல் 20 சதவீதக் கலப்பு இலக்கு வைத்த மத்திய அரசு, 2018 கொள்கையில் 2030-க்குள் 5 சதவீதம் என்று இறக்கிக்கொண்டது. இப்போது கவனம் உபயோகித்த சமையல் எண்ணெய் பக்கம் திரும்பியிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தொடங்கிய திட்டத்தில், திரும்பத் திரும்பச் சுட்ட எண்ணெயை ஓட்டல்களிடம் வாங்கிப் பயோடீசல் செய்கிறார்கள். புதிதாக நிலம் தேவையில்லை, கெட்டுப்போன எண்ணெய் மறுபடி சாப்பாட்டுக்குள் வருவதும் குறையும் என்பதால் இந்த வழி நல்லதாகப் படுகிறது. வரப்பிலும் சாலையோரத்திலும் நிற்கும் புங்கன் மரத்து விதையும் பயன்படும், ஆனால் விற்க இடம் உறுதியாகாமல் அதற்கென்று நிலம் ஒதுக்க வேண்டாம்.

உங்கள் இன்ஜினில் பயோடீசல் ஊற்ற நினைத்தால், ஐஎஸ் 15607 தரத்தில் செய்தது என்று பில்லில் எழுதிக் கொடுப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். பயோடீசல் என்ற பெயரில் கண்ட எண்ணெயைக் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். 20 சதவீதம் வரை டீசலோடு கலந்தால் பெரும்பாலான இன்ஜின்கள் தாங்கும், என்றாலும் வாரண்டி உள்ள டிராக்டர் என்றால் கம்பெனி புத்தகத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பழைய டேங்க்கில் படிந்திருக்கும் கசடை இது கழுவிக் கிளப்பும். அதனால் முதல் டேங்க் தீர்ந்ததும் டீசல் பில்டரை மாற்றிவிட வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் ஊறி இளகும், அதையும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கேனில் வைக்காதீர்கள், தண்ணீர் படவிடாதீர்கள். நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து விவசாயிகள் பாமாயிலில் செய்த பயோடீசலை மார்கழிக் குளிரில் தவிர்ப்பது நல்லது. அது 15 டிகிரி வாக்கிலேயே கலங்கித் தடித்து, காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது.